பிரேக் இன்ஸ்பெக்டரும் உப்புக் காற்றும்: வாகனத் தகுதிச் சான்றின் வரலாறு

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாணைகளில் உள்ள பெயர். தமிழ்நாட்டில் அப்பெயரால் அவரை அழைப்பவர்கள் குறைவு. ஓட்டுநர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. அவர் கையெழுத்திட்டுத் தரும் சான்று 'எஃப்.சி.' சட்டத்தின் நெடிய சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒரு வண்டியில் முதன்மையாகச் சோதிக்கப்பட வேண்டியது அதன் நிற்கும் திறனே என்ற தெளிவை மக்கள் ஒரு பெயரிலேயே பொதிந்து வைத்திருக்கிறார்கள். ஓடுவதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நிற்குமா என்பதைத்தான் அதிகாரி ஒருவர் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இலக்கியமும் கல்வெட்டும் பேசும் நண்பர்கள் சிலருக்கு இந்தப் பொருள் வியப்பளிக்கலாம். ஆனால் ஒரு சமூகம் எதற்கு அஞ்சியது, எதைக் காணத் தவறியது என்பதைச் சோதனைப் பட்டியல்களைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆவணங்கள் குறைவு. பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுசென்றால் அது எந்தெந்த இடங்களில் தவறும் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு நிற்கிறது. இக்கட்டுரைக்கு மீமிசலை மையமாகக் கொண்டேன். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

மீமிசலும் அதன் சாலையும்

மீமிசல் புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில் உள்ள ஊர். வடக்கே கோட்டைப்பட்டினமும் மணமேல்குடியும், தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியும் இருக்கின்றன. இராமேசுவரத்துக்கு நடந்தே சென்ற யாத்திரிகர்களின் கரையோரப் பாதை இவ்வழியே சென்றது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டி அன்னமிட்ட பாதை அது. இன்று அந்தத் தடத்தை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் என்று சொன்னவுடன் தொண்டைமான் சமஸ்தானத்தை நினைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் மீமிசல் பகுதி அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று. அறந்தாங்கியை ஒட்டிய இக்கடற்கரை தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. சமஸ்தானம் 1948-இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரியில் திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டபோதுதான் சமஸ்தானத்து உள்நாடும் தஞ்சைக் கடற்கரையும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன.

இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டை நகரின் செம்மண் காற்றும் மீமிசலின் கடற்காற்றும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் ஓடும் வண்டிகளுக்குப் பதிவெண் ஒரே 'டிஎன் 55'. சோதனைப் பட்டியலும் ஒன்றே.

சட்டம் முதலில் அஞ்சியது எதற்கு?

தென்னகத்தில் மோட்டார் போக்குவரத்தின் தொடக்கத்தைப் பேசும்போது டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பெயர் தவறாமல் வரும். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவர் பேருந்து விட்டதாகச் சொல்லப்படும் ஆண்டு 1912. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் டயர்களைக் குத்திக் கிழித்ததால், காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. வண்டி சாலைக்குத் தகுதியா என்று கேட்கப்படுவதற்கு முன்பே, சாலை வண்டிக்குத் தகுதியா என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. வண்டிகளைப் பதிவு செய்வது, ஓட்டுநருக்கு உரிமம் வழங்குவது என்ற அளவில் அது பெரும்பாலும் நின்றது. யாருடைய வண்டி, யார் ஓட்டுகிறார் என்பதை அறிந்தால் போதும் என்று அரசு கருதிய காலம் அது. 1920-களிலும் 30-களிலும் பேருந்துகள் பெருகின. இரயில்வேயின் வருவாயில் அவை கைவைத்தன. இரயிலுக்கும் சாலைக்கும் இடையிலான போட்டியை ஆராய 1932-இல் மிட்செல், கிர்க்னெஸ் என்ற இருவர் அமர்த்தப்பட்டனர். அந்த விவாதங்களின் வழியே உருவானதுதான் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 38-ஆம் பிரிவு போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியது. இன்று நாம் எஃப்.சி. என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

இங்கே 'போக்குவரத்து வாகனம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றும் வண்டிக்கும் சரக்கு வண்டிக்குமே அந்தச் சான்று தேவைப்பட்டது. பணம் கொடுத்து ஏறும் பயணிக்கு வண்டியின் நிலையை அறிய வழியில்லை. அவருக்காக அரசு பார்க்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. சொந்தக் கார் வைத்திருப்பவர் தம் உயிரைத் தாமே பார்த்துக்கொள்வார் என்பது சொல்லாமல் சொன்ன எண்ணம். எதிரே வருபவரின் உயிர் என்ன ஆவது என்ற கேள்விக்கு விடையாகக் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு 1946-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் காப்பீடு இழப்புக்கு ஈடு செய்யுமே தவிர, வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காது.

1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 56-ஆம் பிரிவு போக்குவரத்து வாகனங்களின் தகுதிச் சான்றைப் பேசுகிறது. 41-ஆம் பிரிவோ, சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. புதுப்பிக்கும்போதுதான் ஆய்வாளர் அந்த வண்டியைப் பார்க்கிறார். வாடகை வண்டி சில ஆண்டுகளுக்கொரு முறையேனும் அரசின் கண்ணில் படும். சொந்த ஜீப் பிறந்து 15 ஆண்டுகள் கழித்தே படும்.

பிற நாடுகள் இந்த இடைவெளியை வேறு விதமாக அளந்தன. ஜெர்மனியில் இந்தப் பழக்கம் நீராவிக் கொதிகலன்களிலிருந்து வந்தது. 1865-இல் மன்ஹைம் நகரில் மதுவடிப்பாலை ஒன்றின் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டே கொதிகலன்களைச் சோதிக்க ஒரு சங்கம் தோன்றியது. அத்தகைய சங்கங்களின் வழிவந்த அமைப்புகளே 1951 முதல் ஜெர்மானியக் கார்களைக் கட்டாயமாகச் சோதித்து வருகின்றன. இங்கிலாந்தில் 1960-இல் தொடங்கிய சோதனை பத்தாண்டு கடந்த கார்களுக்கானது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றை மட்டும் பார்த்தது. அதிலேயே ஏராளமான கார்கள் தேறாமல் போயின. அதிர்ந்த அரசு மறு ஆண்டே வரம்பை ஏழாண்டாக்கியது. 1967-இல் மூன்றாண்டாகக் குறைத்தது. அங்கே மூன்று, இங்கே பதினைந்து.

பெட்ரோல் ஜீப்பின் பயணம்

'எஸ்.யூ.வி.' என்ற சொல் நம்மிடம் வருவதற்கு முன்பே அந்த வகை வண்டி வந்துவிட்டது. அதன் பெயர் ஜீப். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிகளாக வரவழைத்து இங்கே கோத்து விற்கத் தொடங்கியது. அவை பெட்ரோல் வண்டிகள். வட்டாட்சியரும் வனத்துறையினரும் தேர்தல் வேட்பாளர்களும் அவற்றில் வந்து இறங்கிய காட்சி ஒரு தலைமுறையின் நினைவில் இருக்கும்.

1973-இன் எண்ணெய் நெருக்கடி அந்தப் பெட்ரோல் ஜீப்புகளின் வாழ்வை மாற்றியது. விலை ஏறியதும் பட்டறைகளில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றும் வேலை பெருகியது. மகிந்திராவும் டீசலுக்கு நகர்ந்தது. பெட்ரோலிலேயே நிலைத்த பெருவழக்கான ஜீப் வகை என்றால் 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்சியைத்தான் சொல்ல வேண்டும். ஏணி வடிவச் சேஸிஸ், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், 970 சி.சி. பெட்ரோல் இன்ஜின். 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினுடன் ஜிப்சி கிங் வந்தது. காவல்துறையும் இராணுவமும் பெருமளவில் வாங்கின. 2019-இல் பொதுச் சந்தையிலிருந்து அது விடைபெற்றது. அரசுத் துறைகள் கழித்து ஏலம் விட்ட வண்டிகள் பல தனியார் கைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை என்ற விதியால் அந்த வரவு வற்றிவிட்டது.

இன்னொரு அலை இப்போது வந்துகொண்டிருக்கிறது. 2012-இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உருவாகிச் சந்தைக்கு வந்த ரெனோ டஸ்டரும், 2013-இல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டும் பெட்ரோல் வடிவிலும் விற்கப்பட்டன. முதலாண்டு வண்டிகளின் 15 ஆண்டுப் பதிவு முறையே 2027-லும் 2028-லும் முடிகிறது. பலவும் இரண்டு மூன்று கை மாறியவை. அவற்றுள் ஒருபோதும் அரசு ஆய்வாளர் கண்ணில் படாதவை ஏராளம் இருக்கும்.

தவறும் இடங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 62-ஆம் விதியில் ஓர் அட்டவணை உண்டு. தகுதிச் சான்றுக்கு எவையெவை சோதிக்கப்பட வேண்டும் என்று அது வரிசைப்படுத்துகிறது. முதல் வரியில் பிரேக் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருப்பது ஸ்பார்க் பிளக்கும் அதன் மூடியும் உயரழுத்தக் கம்பியும். அந்த மூடியில் உள்ள தடுப்பான், பெட்ரோல் இன்ஜினின் தீப்பொறி எழுப்பும் மின்னலைகள் சுற்றுப்புற வானொலியைக் கெடுக்காமல் காப்பதற்கானது. பக்கத்து வீட்டு ரேடியோவில் கரகர ஒலி எழுவது ஒரு பொதுத் தொல்லையாகக் கருதப்பட்ட காலத்தின் சுவடு அது. உப்பு ஈரம் படிந்த பழைய கம்பியில் மின்கசிவு ஏற்பட்டு இன்ஜின் திக்குவது கடற்கரை வண்டிகளில் இயல்பு. எனவே வரலாற்று எச்சமாக நிற்கும் இந்த வரி, மீமிசலில் இன்னும் பயனுள்ள வரியே.

அடுத்து விளக்குகள். பழைய வண்டிகள் தவறும் இடங்களில் மிக எளிதானதும் மிக அதிகமானதும் இதுவே. பின்விளக்கின் பல்பு எரிந்துபோயிருக்கும். எர்த் கம்பி துருவேறி இண்டிகேட்டர் மங்கலாக மினுக்கும். முகப்பு விளக்கின் உள்ளே வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கும். இவற்றுக்கு மாறாக, உரிமையாளர் ஆசையோடு பொருத்திய மிகைவெளிச்ச விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் தமிழ்நாட்டு வழக்கம் இந்தக் கூச்சத்துக்கு எதிராக எழுந்ததுதான்.

பிரேக்கின் கதைக்குத் தமிழ்நாட்டில் தனி இடம் உண்டு. 1960-களில் சென்னைப் பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் உறுப்புகளும் லைனிங்குகளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. பிரேக்ஸ் இந்தியா, ரானே ஆகிய பெயர்களை அறியாத பட்டறை இல்லை. பழைய பெட்ரோல் ஜீப்பில் பிரேக் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் லைனிங் தேய்வதோடு முடிவதில்லை. வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்து எண்ணெய் லைனிங்கில் இறங்கும்; ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் வண்டி இழுக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் அதன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும். தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது உள்ளே ஆவிக் குமிழ்கள் தோன்றி, மிதிக்கட்டை பஞ்சுபோல் இறங்கிவிடும். ஈரக்காற்று வீசும் கரையோரத்தில் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது கட்டாயம். விலையோ மிகக் குறைவு. பலரும் மாற்றாத ஒன்றும் அதுவே.

ஸ்டியரிங்கில் 'பிளே' 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது 98-ஆம் விதி. அதாவது சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா சுழலும் அளவு. டை ராட் முனைகள் தேய்ந்த ஜீப்பில் இந்த வரம்பு எளிதில் கடக்கப்படும். டயரின் பூவேலைப்பாடு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது 94-ஆம் விதி. மாதத்திற்குச் சில நாள் மட்டும் ஓடும் ஜீப்பில் பூ தேயாமலேயே ரப்பர் வெயிலில் வெடித்து முதுமையடையும். அளவுகோல் அதைத் தேறியதாகச் சொல்லும். கண் வேறு சொல்லும்.

புகைச் சோதனை பெட்ரோல் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல். 1990 மார்ச் முதல், நின்ற நிலையில் இயங்கும் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு நான்கு சக்கர வண்டிக்கு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது. பின்னர் பாரத் நிலை இரண்டு, மூன்றைச் சேர்ந்தவற்றுக்கு அது 0.5 விழுக்காடாகவும், நிலை நான்குக்கு 0.3 ஆகவும் இறங்கியது. இந்த இறக்கத்தைச் சாத்தியமாக்கியது சைலன்சரோடு சேர்ந்த வினையூக்கி மாற்றி. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும் என்பதால் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களிலும், 2000-இல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. பழைய வண்டியில் அந்த மாற்றியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்திருப்பவர்கள் உண்டு. கண்ணுக்குப் புகை தெரியாது, கருவிக்குத் தெரியும். கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு புதிய துயரம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்கள் இளகியும் வெடித்தும் கசியக்கூடும். கசியும் பெட்ரோல் தீ விபத்துக்கு விடுக்கும் அழைப்பு.

கடைசியாக, வண்டியும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போகாத குறை. டீசலுக்கு மாற்றிய இன்ஜின், மாற்றிய நிறம், பதிவு செய்யாத எரிவாயு உருளை ஆகியவை இவ்வகை. மோட்டார் வண்டியில் சமையல் எரிவாயுவைத் திருட்டுத்தனமாகப் பொருத்திய காலம் ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகே வாகன எரிவாயு முறைப்படி வந்தது. ஜீப்புக்காரர்கள் விரும்பும் முன்பக்க இரும்புக் காப்புச் சட்டத்தை 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் தடைசெய்யச் சொன்னது. கறுப்புக் கண்ணாடித் தாளை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் விலக்கியது. நிறுவனம் வகுத்த அமைப்பை மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கு எதிராக அதே நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அழகென்று செய்தவை பலவும் இன்று சோதனைக் களத்தில் கழற்றி வைக்கப்படுகின்றன.

அட்டவணையில் இல்லாத வரி

இவ்வளவும் பட்டியலில் உள்ளவை. மீமிசலில் ஒரு ஜீப்பைத் தின்றுகொண்டிருக்கும் முதன்மையான பகை அந்தப் பழைய அட்டவணையில் தனி வரியாக இல்லை. அது துரு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும், அரிப்பு விரைவுபடும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். ஆகவே பட்டை ஸ்பிரிங்கின் அடுக்குகளுக்கிடையிலும் சேஸிஸின் இரட்டைத் தகடுகளுக்கிடையிலும் புகுந்தால் அவற்றை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே பெயிண்ட் மின்னும். கடற்கரையில் உப்பு காற்றில் வருகிறது. மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து வடியும் உப்பு நீராகச் சாலையிலும் கிடக்கிறது. அதன்மேல் ஓடும் ஒவ்வொரு சக்கரமும் அதை மேல்நோக்கி வாரி இறைக்கிறது.

குளிர்நாடுகளுக்கு இந்தத் துயரம் வேறு வழியில் வந்தது. அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். எனவே இங்கிலாந்தின் சோதனைக் கையேடு துருவுக்குத் தனி இடம் ஒதுக்கியது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன், இருக்கைப் பட்டி ஆகியவை உடலோடு இணையும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் தகடு அரித்திருந்தால் வண்டி தேறாது என்பது அங்குள்ள விதி. நம் அட்டவணையோ கரையோரத்துக்கும் உள்நாட்டுக்கும் வேறுபாடு அறியாதது.

எஃப்.சி.க்கு முந்திய வாரத்தில் நம் ஊர்ப் பட்டறைகளில் நடப்பதை எல்லாரும் அறிவர். அரித்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங், அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயிண்ட், அடியில் கறுப்புப் பூச்சு. முறையாகச் செய்தால் இது பழுதுபார்ப்பு. அரித்த இரும்பை வெட்டி நீக்காமல் மேலே பூசினால் இது ஒப்பனை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஏணிச் சேஸிஸ் கொண்ட ஜிப்சியில் தரைத்தகடு ஓட்டையானாலும் சேஸிஸ் தாங்கும். டஸ்டர் போன்ற வண்டிகளுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே எலும்பு. அங்கே தரையின் துரு எலும்பின் துரு. இரண்டாம் கையாக வாங்குபவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

தாம்பரம், 2012

துருவையும் ஓட்டையையும் சிறு குறை என்று எண்ணுபவர்கள் 2012 ஜூலை 25-ஐ நினைவுகூர வேண்டும். தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்து ஒன்றின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. சோதனை முடிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை என்பதுதான் தமிழகத்தை உலுக்கிய செய்தி. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்கெனத் தனிச் சிறப்பு விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. பள்ளி திறக்கும் முன் மைதானங்களில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் பார்வையிடும் காட்சி அதன் விளைவு.

ஒரு துயரம் ஒரு விதியாக மாறிய கதை இது. மன்ஹைமில் கொதிகலன் வெடித்த கதையும் இதுவே. ஆனால் விதி அந்தத் துயரத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. பள்ளிப் பேருந்தின் தரை இன்று கூர்ந்து பார்க்கப்படுகிறது. அதே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் சொந்தக்காரரின் பழைய ஜீப்பின் தரையை 15 ஆண்டுவரை எவரும் பார்ப்பதில்லை.

வயதா, நிலையா?

இன்றைய விவாதம் வேறு திசையில் செல்கிறது. பழைய வண்டிகளை வயதைக் கொண்டு விலக்குவதா, நிலையைக் கொண்டு விலக்குவதா என்பது கேள்வி. தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அந்த நீதிமன்றமே உரிமையாளர்கள் மீதான கடும் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்கு அத்தகைய வயதுத் தடை விதிக்கப்படவில்லை; தேறினால் ஓட்டலாம். ஆனால் கட்டணம் வயதைக் கணக்கில் கொள்கிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் அது 10,000 ஆக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், மனிதக் கண்ணுக்குப் பதிலாகக் கருவிகளைக் கொண்டு சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கான விதிகள் 2021-இல் அறிவிக்கப்பட்டன. உருளைகளின்மேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக் விசையை எண்ணாகக் காட்டும் கருவி, ஆய்வாளரின் பாதத்தைவிட நேர்மையானது என்பதில் ஐயமில்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அது மறைக்காமல் சொல்லும். ஆனால் பட்டியின்கீழ் ஒளிந்த துருவைத் தட்டிப் பார்ப்பதற்கு இன்னமும் ஒரு கையும் சிறு சுத்தியலும் ஒரு காதும் தேவைப்படுகின்றன. நல்ல தகடு கணீரென ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். பட்டறைக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிவர்.

வயதை மட்டும் கொண்டு முடிவெடுப்பது கடற்கரைக்கு இருவகையில் பொருந்தாது. மீமிசலில் எட்டாண்டு நின்ற வண்டி, புதுக்கோட்டையில் பதினைந்தாண்டு நின்ற வண்டியைவிட உள்ளே அழிந்திருக்கலாம். அதேபோல், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவி, பூச்சுப் பூசிக் காத்துவந்த 1990-களின் ஜிப்சி இன்றும் எல்லாச் சோதனையிலும் தேறலாம். கரையோர வட்டங்களுக்கு மட்டுமேனும் சொந்த வண்டிகளின் முதற்சோதனையைப் பதினைந்தாண்டுக்கு முன்னே கொண்டுவருவதும், பட்டியலில் துருவுக்கு ஒரு வரி சேர்ப்பதும் பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. அட்டவணையில் வானொலிக் கரகரப்புக்கு இடம் கொடுத்தவர்கள் துருவுக்கும் கொடுக்கலாம்.

சாதாரணக் கவனம்

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 190-ஆம் பிரிவை எஃப்.சி. பற்றிப் பேசுபவர்கள் அதிகம் குறிப்பிடுவதில்லை. குறையுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதும் ஓட்டவிடுவதும் குற்றம் என்கிறது அது. அந்தக் குறை உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் கண்டுபிடித்திருக்கக் கூடியதாக இருந்தாலே போதும். 2019-இன் திருத்தத்துக்குப் பின் இதற்கான தண்டம் 1,500 ரூபாய். விபத்து நேர்ந்தால் சிறைத்தண்டனையும் உண்டு. இந்தப் பிரிவு சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. பதினைந்தாண்டு என்ற எல்லையும் இதற்குக் கிடையாது.

தகுதிச் சான்று ஒரு நாளின் நிலையைச் சொல்கிறது. மறுநாள் காலை முதல் அந்த வண்டிக்கு ஆய்வாளர் அதன் உரிமையாளரே. பிரேக் எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பது, ஹேண்ட் பிரேக்கைச் சரிவில் நிறுத்திப் பார்ப்பது, மிதியடியைத் தூக்கித் தரையை விரலால் அழுத்திப் பார்ப்பது, சேஸிஸின் விளிம்பைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது ஆகிய நான்கையும் அரை மணி நேரத்தில் முடிக்கலாம். இவற்றுக்குக் கட்டணமோ படிவமோ கிடையாது. இரண்டாம் கையாக வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தர மறுக்கும் விற்பனையாளர் அந்த மறுப்பிலேயே வண்டியின் நிலையைச் சொல்லிவிடுகிறார்.